ஆளி வயலில் ஓயாத கைகள்

சீயர்ஸ் கிராமத்துக்குத் தெற்கே ஓர் ஆளி வயல் இருக்கிறது. நாருக்காகப் பயிரிடப்படும் அந்தச் செடியைப் பறிப்பதற்குச் சந்தா கட்டி உள்ளே வந்த எவருக்கும் தடையில்லை. முன்பயிற்சி எதுவும் வேண்டியதுமில்லை. 28 செடி பறித்ததும் பை நிறைந்துவிடும். பிறகு வடக்கே நடந்து ஊருக்குள் சென்று, ஒரு வீட்டின் மாடிக்கு ஏறி, அங்கே இருக்கும் இராட்டினத்தில் அவற்றை வில்லுக்குரிய நாண்களாக முறுக்கி, வங்கியில் சேர்ப்பித்துவிட்டு மறுபடியும் வயலுக்குத் திரும்பவேண்டும். பொழுதெல்லாம் இதையே செய்துகொண்டிருந்தால், அந்த நாண்களை விற்று ஒரு கவசமோ வாளோ வாங்கத்தக்க காசு சேரும். இந்தக் கிராமம் எந்தப் பூகோளப் படத்திலும் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்த ஆண்ட்ரூ கௌவர் என்ற இளைஞர், தம் சகோதரர் பாலின் துணையோடு உருவாக்கி 2001 ஜனவரியில் உலகத்தாருக்குத் திறந்துவிட்ட ‘ரூன்ஸ்கேப்’ என்னும் இணைய விளையாட்டில், கீலினார் என்ற கற்பனை உலகத்தின் ஒரு மூலையில் அது இருக்கிறது.

அந்த வயலோரமாகச் சற்று நேரம் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். சில ஆட்டக்காரர்கள் பறிக்கிறார்கள், நிற்கிறார்கள், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தட்டச்சு செய்கிறார்கள், வழி தவறி வேலியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், திடீரென்று வேலையை மறந்து எங்கோ மறைந்துவிடுகிறார்கள். வேறு சிலரோ, ஒருவர் கால் வைத்த கட்டத்திலேயே அடுத்தவரும் கால் வைத்து, ஒரே வளைவில் ஒரே விதமாகத் திரும்பி, கேட்ட கேள்வி எதற்கும் வாய் திறவாமல், நள்ளிரவாயினும் விடியற்காலமாயினும் சோர்வென்பதே இன்றிப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களுடைய பெயர்களும் குழந்தை விசைப்பலகையில் கை வைத்து அழுத்தினாற்போல அர்த்தமற்ற எழுத்துக் கோவைகளாக இருக்கும். இவர்கள் மனிதர்கள் அல்லர். மனிதன் கையசைப்பைப் போல மவுஸை அசைத்து, மனிதன் தயங்குவதைப் போலக் கிளிக்குகளுக்கு இடையே சற்றே தயங்கவும் கற்பிக்கப்பட்ட நிரல்கள். ஆட்டக்காரர் பேச்சில் ‘பாட்’கள்.

இவ்விரு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் மனிதர்களே, ஆனால் விளையாட வந்தவர்கள் அல்லர். விளையாட்டுக்குள் சேர்க்கும் பொற்காசை வெளியே உண்மையான பணத்துக்கு விற்று, அதைக் கொண்டு ஜீவனம் செய்பவர்கள். ‘கோல்ட் ஃபார்மர்’ என்று அவர்களுக்குப் பெயர். பாட்டையும் ஃபார்மரையும் ஒரே வசையில் சேர்த்துத் திட்டுவது ஆட்டக்காரர்களின் சர்வசாதாரணமான வழக்கம். அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காத வரையில் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் பிடிபடாது என்பது என் அபிப்பிராயம்.

பொழுதுபோக்குக்காக ஆடும் ஒரு விளையாட்டில் பொருளாதாரத்துக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். ரூன்ஸ்கேப் போன்ற உலகங்களில் ஆட்டக்காரர் உடுத்தும் கவசமும், உண்ணும் மீனும், எய்யும் அம்பும் பெரும்பாலும் இன்னோர் ஆட்டக்காரரின் உழைப்பினால் உற்பத்தியானவை. அவற்றை விற்கவும் வாங்கவும் வாரக் என்ற நகரத்தில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் பெருஞ்சந்தை 2007 நவம்பரில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டின் உருவத்தை மீட்டெடுத்து 2013இல் வெளியிட்ட ‘ஓல்ட் ஸ்கூல்’ பதிப்பில் அதே சந்தை 2015இல் வந்தது. விலையை அங்கே எந்த அதிகாரியும் நிர்ணயிப்பதில்லை. கொள்வோரும் கொடுப்போரும் சொல்லும் விலைகள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே பேரம் படிகிறது.

வயலில் பறித்த செடி எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் இது விளங்கும். செடி நாணாகிறது. மரம் வெட்டுவதில் 60ஆம் நிலையை எட்டிய ஒருவர் யூ என்னும் மரத்தை வெட்டிக் கட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். வில் செய்வதில் 70ஆம் நிலையை எட்டிய மற்றொருவர் கட்டையையும் நாணையும் வாங்கி நெடுவில்லாக்குகிறார். அந்த வில்லை எய்வதற்கென்று வாங்குவோர் வெகு சிலரே. மந்திரத்தில் 55ஆம் நிலையை அடைந்தவர்கள் அதை ஆயிரக்கணக்கில் வாங்கி, ‘ஹை ஆல்கமி’ என்ற ரசவாத மந்திரத்தைச் சொல்லி, வில் ஒன்றுக்கு 768 பொற்காசாக மாற்றிவிடுகிறார்கள். இந்தக் காசு மற்றோர் ஆட்டக்காரரின் பையிலிருந்து வருவதன்று, சூனியத்திலிருந்து பிறப்பது. ஆகவே மந்திரம் கற்ற ஒவ்வொருவனும் ஒரு நாணயச் சாலையை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறான் என்று சொல்லலாம். செடி பறிக்கும் பாட், மரம் வெட்டும் பாட், வில் செதுக்கும் பாட், மந்திரம் சொல்லும் பாட் என்று இந்தச் சங்கிலியின் கண்ணிகள்தோறும் யந்திரம் புகுந்துகொண்டால் விளைவு இரண்டு விதமாக இருக்கும். செடி, நாண், கட்டை ஆகிய கச்சாப் பொருள்கள் குவிந்து அடிமாட்டு விலைக்கு இறங்கும். வில்லின் விலையோ, ரசவாதம் தரும் காசிலிருந்து மந்திரத்துக்குச் செலவாகும் ரூன் கல்லின் விலையைக் கழித்த அளவோடு நின்றுவிடும். அதே வேளையில் புதிதாகப் பிறந்த காசு உலகமெங்கும் பெருகி, யந்திரத்தால் எளிதில் பெறமுடியாத அபூர்வப் பொருள்களின் மேல் போய் விழுந்து, அவற்றின் விலையை ஆகாயத்துக்கு ஏற்றும்.

இங்கேதான் அநியாயம் ஒளிந்திருக்கிறது. பாட்களால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நஷ்டம் என்று பேசுவது வழக்கமாயினும், பல ஆண்டு ஆடிப் பழுத்த செல்வந்தருக்கு உள்ளபடியே அவற்றால் லாபமே மிகுதி. அவர் எலும்பும் மூலிகையும் அம்பும் மலிவாக வாங்கிக்கொள்கிறார். அவர் பெட்டியிலிருக்கும் அபூர்வ ஆயுதமோ நாளுக்கு நாள் மதிப்பேறுகிறது. 2017 ஜனவரியில் அறிமுகமான ‘ட்விஸ்டட் போ’ என்ற வில் 100 கோடி பொற்காசைத் தாண்டிய விலைக்குக் கைமாறியிருக்கிறது. நேற்று உள்ளே வந்தவனுக்கு விற்பதற்கு ஆளிச் செடியும் பசுத்தோலும் மரக்கட்டையுமே இருக்கின்றன. அவனுடைய சரக்கைத்தான் யந்திரம் மலிவாக்குகிறது, அவன் ஆசைப்படும் பொருளைத்தான் யந்திரம் எட்டாக் கனியாக்குகிறது. அவன் ஒரு மணி நேரம் பறித்த செடியின் கிரயம், பழைய ஆட்டக்காரர் ஒரு சண்டையில் குடித்துத் தீர்க்கும் மருந்துக்குக்கூடக் காணாது. புதியவர்கள் சில வாரங்களில் சலித்து வெளியேறுவதற்கு இந்த இடுக்கியும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஃபார்மர்களின் கதை வேறு. சீனாவின் நான்ஜிங் நகரத்தில் ஒரு பட்டறையில், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் இரவெல்லாம் அசுரர்களைக் கொன்று காசு சேர்த்த இளைஞர்களைப் பற்றி 2007 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் விரிவாக எழுதினார். 12 மணி நேர வேலை. மாதத்தில் இரண்டு மூன்று இரவுகளே ஓய்வு. 100 பொற்காசு சேர்த்தவனுக்குக் கூலி 10 யுவான், அதாவது அன்றைய கணக்கில் சுமார் ஒன்றேகால் டாலர். முதலாளி அதை மூன்று டாலருக்கு மேல் விற்பார். கடைசியில் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அமர்ந்து அதை வாங்கும் ஆட்டக்காரர் 20 டாலர் வரை கொடுப்பார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ் மறு ஆண்டு வெளியிட்ட உத்தேச மதிப்பீட்டில், உலகத்தில் இத்தொழில் செய்வோர் சுமார் 4 லட்சம் பேர் என்றும், அவர்களில் ஐந்தில் நால்வர் சீனத்தில் இருக்கிறார்கள் என்றும், சராசரி மாத வருமானம் 145 டாலர் என்றும் கணக்கிட்டார்.

பத்தாண்டுக்குள் தொழில் இடம் பெயர்ந்தது. 2016இன் இறுதியில் வெனிசுவேலாவில் விலைவாசி கட்டறுத்துக்கொண்டு ஓட, பொலிவார் நாணயம் வெறுங்காகிதமாக, மாதச் சம்பளம் சில டாலருக்குக் குறுகியபோது, பழைய கணிப்பொறியிலும் ஓடக்கூடிய ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் அந்நாட்டு இளைஞர் பலருக்கு வயிற்றுப்பாடாயிற்று. அரசாங்கத்தின் நாணயத்தைவிட ஒரு விளையாட்டின் பொற்காசு ஸ்திரமாக இருந்தது என்ற வேடிக்கையை அர்த்தசாஸ்திரிகள் யோசித்துப் பார்க்கவேண்டும். ‘வைல்டர்னஸ்’ என்ற வனாந்தரத்தில் பச்சை டிராகன்களைக் கொன்று, ஒவ்வொன்றும் தவறாமல் தரும் எலும்பையும் தோலையும் அவர்கள் சுமந்து வந்தார்கள். ஆட்டக்காரர் ஒருவர் மற்றவரைத் தாக்கிக் கொள்ளையிட அனுமதியுள்ள பிரதேசம் அது. அங்கே ஸ்பானியச் சொற்களால் பேசிப்பார்த்து இவர்களை அடையாளம் கண்டு வேட்டையாடுவது எப்படி என்று 2017இல் ஒருவர் கைநூல் போல எழுதி வெளியிட, அது பெரிய விவாதமாயிற்று. தங்களுக்கு விளையாட்டாகத் தோன்றிய ஓர் அடியில் எதிரே இருந்தவனுடைய இரவுச் சாப்பாடு போயிற்று என்பதைச் சிலர் உணர்ந்து கைவிட்டார்கள். விதியை மீறியவனுக்கு இது தகும் என்று வேறு சிலர் வாதித்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால், தன் கையாலேயே டிராகனைக் கொல்லும் வெனிசுவேலா இளைஞன் விளையாட்டுக்குள் செய்யும் காரியம் மற்றவர்கள் செய்வதிலிருந்து அணுவளவும் வேறுபட்டதன்று. அவனும் காத்திருக்கிறான், அவனும் சாகிறான், அவனுக்கும் தூக்கம் வருகிறது. சேர்த்த காசை வெளியே விற்கும் கடைசிக் கணத்தில்தான் அவன் விதியை மீறுகிறான். அந்தக் கணத்தில் இன்னொருவரும் கூட இருக்கிறார்: வாங்குபவர். உழைக்க நேரமில்லாமலோ பொறுமையில்லாமலோ திருட்டுத்தனமாகக் காசு வாங்கிக்கொள்ளும் அந்தக் கனவானைப் பற்றி, பாட்களையும் ஃபார்மர்களையும் சபிப்போர் அதிகம் பேசுவதில்லை. அவர் மறுநாள் அதே சந்தையில் நின்று, பாட்களால் விளையாட்டே கெட்டுவிட்டது என்று அங்கலாய்ப்பதும் உண்டு.

நிர்வாகத்தார் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் செய்த பிரயத்தனங்களின் சரித்திரமே தனிச் சுவையுடையது. ஆதி ரூன்ஸ்கேப்பில் ஆட்டக்காரருக்குக் களைப்பு என்று ஒன்றைக் கற்பித்தார்கள். களைப்பு முற்றினால் படுக்கைப் பையில் படுத்துத் தூங்கவேண்டும், விழிப்பதற்குத் திரையில் கோணல்மாணலாகத் தெரியும் ஒரு சொல்லைப் படித்துத் தட்டச்சு செய்யவேண்டும். யந்திரத்தை வடிகட்டுவதற்காகக் கண்டுபிடித்த இந்த உபாயம் மனிதர்களுக்கே பெருந்தொல்லையாயிற்று. பின்பு, காசு விற்போர் திருட்டுக் கிரெடிட் கார்டு எண்களால் சந்தா கட்டி, அந்த நஷ்டம் நிறுவனத்தின் தலையிலேயே விடிந்தபோது, 2007 டிசம்பரில் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள்: ஆட்டக்காரர் ஒருவருக்கொருவர் தாராளமாகப் பொருள் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். புதியவர்களுக்குப் பரிமாற்றத்தில் 3,000 காசுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது என்பது ஆரம்ப விதி. நண்பனுக்கு ஒரு வாள் அன்பளிப்பாகத் தரமுடியாத உலகத்தில் காசு விற்போரின் வியாபாரம் படுத்தது மெய்தான். கூடவே விளையாட்டின் ஜீவனும் பாதி போயிற்று. மூன்று ஆண்டுக்குப் பின் வாக்கெடுப்பு நடத்த, 12 லட்சத்துக்கும் அதிகமானவர் வாக்களித்து, அவர்களில் 91 சதவீதம் பேர் பழைய சுதந்திரமே வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. பாட்களும் கூடவே திரும்பி வந்தன. அவ்வருஷம் அக்டோபரில் ஒரு தொழில்நுட்ப மாற்றத்தால் அவற்றைக் கூண்டோடு முடக்கி, 15 லட்சம் கணக்குகளை ஒழித்ததாக நிறுவனம் அறிவித்தது. பின்னர் அவை மெல்ல மெல்ல மறுபடியும் தலையெடுத்தன. பழைய ஆதி விளையாட்டோ, பாட்களுக்கும் பிழைகளுக்கும் பரிகாரம் காணமுடியாமல் 2018 ஆகஸ்டில் நிரந்தரமாக மூடப்பட்டது.

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டில் 2009இல் நடத்திய களையெடுப்பு வேறொன்றைத் தெரிவித்தது. 6,000க்கு மேற்பட்ட கணக்குகள் நீக்கப்பட்டன. அவை மொத்தத்தில் 2 சதவீதமே. ஆனால் அவை போனதும் சர்வர் கணிப்பொறிகளின் சுமை சுமார் 30 சதவீதம் குறைந்தது. தூங்காதவன் எண்ணிக்கையில் ஒருவனாயினும் உழைப்பில் பதினைவனாகக் கணக்கில் வருகிறான்.

தண்டனையால் தீராததை விலையால் தீர்க்க முயன்றது பிற்காலத்து உபாயம். ‘பாண்ட்’ என்ற சீட்டை ஜாகெக்ஸ் நிறுவனமே உண்மைப் பணத்துக்கு விற்கிறது. வாங்கியவர் அதைச் சந்தையில் பொற்காசுக்கு விற்கலாம். அதைக் காசு கொடுத்து வாங்குபவர் 14 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். நேரமில்லாத செல்வரும் பணமில்லாத உழைப்பாளியும் நிர்வாகத்தின் கண்ணெதிரிலேயே பண்டமாற்றுச் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு சாமர்த்தியமானது. ஃபார்மர்கள் இதைவிடக் குறைத்து விற்றால்தான் பிழைக்கமுடியும் என்பதால், அவர்களுடைய விலைக்கு ஓர் உச்சவரம்பும் ஏற்பட்டது. ஓல்ட் ஸ்கூல் பதிப்பில் 2015இல் வந்தபோது சில மில்லியன் காசுக்குக் கிடைத்த சீட்டு, பத்தாண்டுக்குள் பத்து மில்லியனைத் தாண்டியது. காசு எவ்வளவு பெருகிப்போயிற்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. பெருகிய காசை உறிஞ்ச 2021 டிசம்பரில் சந்தை விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டார்கள். பின்னால் அதை 2 சதவீதமாக உயர்த்தினார்கள். வசூலான காசில் ஒரு பகுதியைக் கொண்டு நிர்வாகமே அபூர்வப் பொருள்களை வாங்கி அழித்துவிடுகிறது. 50 காசுக்குக் குறைந்த பொருளுக்கு வரி இல்லை என்பது அந்த ஆளிச் செடிக்காரனுக்குக் காட்டிய சிறு தயவு.

இத்தனைக்கும் நடுவே சாதாரண ஆட்டக்காரர் எப்படிப் பிழைப்பது? உண்ணாத, உறங்காத ஒன்றோடு பொறுமையில் பந்தயம் கட்டுவது வீண். விவேகமுள்ளவர்கள் செய்வது அதன் போட்டியாளராக இராமல் அதன் வாடிக்கையாளராகிவிடுவதே. பாட் பறித்த செடியை வாங்கி, பாட் செய்யத் தயங்கும் காரியத்தைத் தாம் செய்கிறார்கள். நீண்ட கதைப் பணிகளை முடித்தால்தான் சில இடங்களுக்குள் நுழையமுடியும்; உதாரணமாக, 2018 ஜனவரியில் வந்த வோர்கத் என்ற டிராகனோடு போரிட, அதற்குரிய கதைப் பணியைத் தொடங்கவே 200 பணிப்புள்ளிகள் சேர்த்திருக்கவேண்டும். கதை, புதிர், வழக்கத்துக்கு மாறான சண்டை ஆகியவற்றில் யந்திரம் அடிக்கடி இடறுகிறது. இந்த மதிலும் ஏறமுடியாததன்று. மனிதனைக் கொண்டு பணிகளை முடித்துவிட்டுப் பிறகு யந்திரத்திடம் ஒப்படைக்கும் கணக்குகள் உண்டு. ஆயினும் ஏறுவதற்குச் செலவாகிறது. ஒரு நாளில் தடை செய்யப்படக்கூடிய கணக்கின் மேல் அவ்வளவு செலவு செய்ய பாட் முதலாளிகள் பலமுறை யோசிப்பார்கள்.

சந்தையில் ஒரு பொருளை நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று கணக்கு ஒன்றுக்கு உச்சவரம்பு உண்டு. பெரிய முதலாளி சரக்கு முழுவதையும் பதுக்காமலிருக்க இது சிறியவருக்கு உதவுகிறது. நூறு கணக்கு வைத்திருக்கும் பாட் முதலாளிக்கு வரம்பும் நூறு மடங்காகிவிடுகிறது என்ற ஓட்டையையும் சொல்லிவிடவேண்டும். அனுபவசாலிகள் கவனிக்கும் இன்னொரு விஷயம் தடைகளின் காலம். எந்தத் தடயத்தால் பிடித்தோம் என்பது தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக, நிர்வாகத்தார் கண்டவுடன் தடை செய்யாமல், சேர்த்துவைத்து ஒரே வீச்சில் தடை செய்வதுண்டு. அப்போது, முந்தின நாள் மலைபோல் குவிந்திருந்த சரக்கின் வரத்து நின்று விலை குதிக்கிறது. மலிந்த காலத்தில் சற்றே வாங்கி வங்கியில் போட்டு வைத்தவருக்கு அது நல்ல நாள்.

இந்தப் போட்டியே வேண்டாம் என்று சந்தையைத் துறந்தவர்களும் இருக்கிறார்கள். 2014 அக்டோபரில் ஓல்ட் ஸ்கூல் பதிப்பில் ‘அயர்ன்மேன்’ என்ற முறை வந்தது. அதை ஏற்றுக்கொண்டவர் எவரிடமும் எதையும் வாங்கவோ பெறவோ கூடாது. கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் பாண்ட் சீட்டைத் தவிர வேறொன்றையும் தொடமுடியாது. நாண் வேண்டுமென்றால் செடியைத் தாமே பறித்து, இராட்டினத்தைத் தாமே சுற்றவேண்டும். கிராக்கி, மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லாத இந்த வாழ்க்கையைப் பல்லாயிரம் பேர் விரும்பித் தேர்ந்துகொண்டதை நான் வியப்போடு பார்க்கிறேன். விலையின் தொல்லை அவர்களைத் தொடுவதில்லை. இடத்தின் தொல்லை தொடுகிறது. மரமும் மிருகமும் எல்லோருக்கும் பொதுவாகையால், பாட்கள் மொய்த்துக் கொல்லும் ஒரு மிருகத்துக்காக அயர்ன்மேன் ஒருவர் காத்துநின்று பார்த்துவிட்டு, அதே உலகத்தின் வேறொரு பிரதியை இயக்கும் சர்வருக்கு மாறி, அங்கும் நெரிசலாயிருந்தால் மறுபடியும் அடுத்ததற்கு மாறிக்கொண்டிருக்கிறார்.